ஆயாவுக்குத் தலைவர் செய்த போன்



அரசியல் பற்றி எழுதினாலே "நீ எந்தக் கட்சி?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியும் இல்லை. பி.காம் படிக்கிறேன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் அரியர் வைக்காமல் தப்பிப்பதுதான் இப்போதைக்கு என் கொள்கை, லட்சியம் எல்லாம். :-) கீழே வரும் சொந்தக் கதையில் கட்சிப் பெயரும் இருக்காது, தலைவர் பெயரும் இருக்காது. எந்தப் பெயரை அங்கே வைத்தாலும் கதை மாறாது என்பதுதான் காரணம்.

2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டில் 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. எனக்கு அதுதான் முதல் ஓட்டு. கடத்தூரில் வெயில் ஒரு பக்கம் கொளுத்த, மைக் கட்டிய ஆட்டோக்கள் இன்னொரு பக்கம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன. அது பழகிப்போன சத்தம். பழகாத சத்தம் ஒன்று செல்போன் வழியாக வந்துகொண்டிருந்தது. எடுத்து "ஹலோ" என்றால், "வணக்கம், நான் உங்கள்..." என்று ஒரு பெரிய தலைவரின் குரல். பதிவு செய்த குரல். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. கிளாஸில் இருக்கும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸில் தொங்கும்போது.

எனக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். கட் பண்ணிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் எங்கள் ஆயாவுக்கு அப்படி இல்லை.

ஆயா ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருக்கிறார். பட்டன் போன். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம். அதற்குமேல் அந்தப் போனில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தார். குரலைக் கேட்டதும் மடியில் இருந்த கடலைக்காயை எல்லாம் முறத்தில் கொட்டிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். ஆமாம், எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமி, நல்லா இருக்கீங்களா?"

போனில் இருந்த குரல் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. ஆயா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிங்க சாமி, சரிங்க சாமி" என்றார். நடுவில் குரல் மூச்சு விட்ட இடத்தில் இவர் ஆரம்பித்தார். "மூணு மாசமா முதியோர் பணம் வரலீங்க. யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல. நீங்களே போன் பண்ணிட்டீங்க, அதான் சொல்றேன்..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் சின்னத்தின் பெயரைச் சொல்லி, நன்றி வணக்கம் சொல்லி, கட் ஆகிவிட்டது.

"பாவம், அவருக்கு ஆயிரம் வேல இருக்கும்" என்றார் ஆயா. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும், அது மிஷின் என்று. சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த சில நாட்கள் ஆயா போனைக் கையைவிட்டு வைக்கவே இல்லை. மாட்டுக் கொட்டாய்க்குப் போனாலும் இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். பக்கத்துத் தோட்டத்து அக்காவிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டார். நாலைந்து நாள் கழித்து அதே குரல் மறுபடியும் வந்தது. "நான்தானுங்க சாமி, அன்னைக்குப் பேசினேனே..." என்று ஆரம்பித்தார். குரல் அதே வணக்கம், அதே வாக்கியம், அதே சின்னம், அதே நன்றி. ஆயா போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னைக்குச் சொன்னதையேதான் சாமி சொல்றாரு. நான் சொன்னது அவருக்குக் கேக்கல போல."

இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், இதில் என் தப்பும் இருக்கிறது. பணம் வராததற்குக் காரணம் பெரிய சதி ஒன்றும் இல்லை. வங்கிக் கணக்கில் செய்யவேண்டிய ஒரு புதுப்பித்தலை நாங்கள் செய்யாமல் விட்டிருந்தோம். மாதம் 1,200 ரூபாய். தேர்தலுக்கு அப்புறம் நானே ஆயாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பாரம் எழுதிக்கொடுத்தேன், சரியாகிவிட்டது. வீட்டில் ஒருத்தன் மூன்று வருஷம் கணக்குப் படிக்கிறான், ஆயாவின் பாஸ்புக்கை எடுத்துப் பார்க்கவில்லை. என்னிடம் சொல்லாததை ஆயா அந்தக் குரலிடம் சொன்னார். என்னைவிட அது முக்கியமான ஆள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோபத்தில் ஒரு புகார் எண்ணுக்குப் போன் பண்ணினேன். அவர்கள் இன்னொரு எண்ணைச் சொன்னார்கள். அங்கே, "எந்த நம்பரில் இருந்து வந்தது, யார் பண்ணினார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு வேடிக்கை புரிந்தது.

நம் ஊரில் தேர்தல் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி இருக்கும். அது அழகுக்குப் போடுவது இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் நோட்டீஸோ போஸ்டரோ அடிக்கக்கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு 1961-இல் சேர்த்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் வந்து விழக்கூடியது காகிதம்தான். அதனால் காகிதத்துக்குப் பெயர் கேட்டார்கள். நியாயம்.

இன்றைக்கு வீட்டுக்குள் மட்டும் இல்லை, காதுக்குள்ளேயே வந்து விழுவது குரல். அதற்கு இந்த மாதிரி ஒரு பிரிவு இல்லை. திண்ணையில் கிடக்கிற ஒரு ரூபாய் நோட்டீஸை எடுத்து யார் அடித்தது என்று ஆயாவால்கூட யாரையாவது படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்ள முடியும். போனில் வந்த குரலை யார் அனுப்பியது என்று பி.காம் படிக்கிற எனக்கும் தெரியாது. குரல் தலைவருடையது. அனுப்பியது கட்சியா, வேட்பாளரா, யாரோ ஒரு விளம்பரக் கம்பெனியா, எதிர்க்கட்சிக்காரன் எரிச்சல் மூட்டுவதற்காகச் செய்த வேலையா? தெரியாது.

விதியே இல்லை என்று சொல்லமுடியாது. தொலைக்காட்சி அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவு போட்டது. மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கும் போனில் அனுப்பும் குரல் செய்திக்கும் அதே முன்சான்று வேண்டும் என்று தேர்தல் ஆணையம் பிற்பாடு அறிவுறுத்தியது. இதற்காக மாவட்டத்துக்கு ஒரு ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் போனை எடுக்கிறவருக்கு இந்தக் குரல் சான்று வாங்கியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? சான்று எண்ணைக் குரலில் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இருந்தால்தானே கேட்கிறவன் புகார் செய்ய முடியும்? மீறியது எது என்றே தெரியாதபடி ஒரு விதியை வைத்துவிட்டு, புகார் வரவில்லை என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

தேர்தல் முறைகேட்டைப் படம் பிடித்து அனுப்ப 'சி-விஜில்' என்ற செயலி இருக்கிறது. 2018-இல் வந்தது. புகார் செய்தால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது அதன் வாக்குறுதி. பணம் கொடுப்பதையும் சுவரில் எழுதுவதையும் பிடிக்க நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் சம்பவத்தை அந்த இடத்திலேயே, செயலிக்குள்ளேயே பதிவு செய்யவேண்டும். பழைய பதிவை எடுத்து ஏற்ற முடியாது. முப்பது விநாடியில் முடிந்துபோகும் ஒரு போன் குரலை, அதுவும் ஆயாவின் பட்டன் போனில் வந்ததை, எதை வைத்துப் பிடிப்பது?

"அப்படியானால் தொல்லை அழைப்பு வேண்டாம் என்று 1909-இல் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் நினைத்தேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். எந்தெந்த வகை அழைப்பு வேண்டாம் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். வங்கி, காப்பீடு ஒரு வகை. வீடு, மனை ஒரு வகை. கல்வி, மருத்துவம், வாகனம், சுற்றுலா, சாப்பாடு என்று போகிறது பட்டியல். அரசியல் என்று ஒரு வகை அதில் இல்லை. காரணம், அந்த விதிகள் 'வணிகத் தகவல்தொடர்பு' பற்றியவை. பொருளையோ சேவையையோ விற்பதற்காக வரும் அழைப்புதான் அதில் அடங்கும். ஆக, மனை விற்கிறவரை என் போனுக்கு வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஓட்டுக் கேட்கிறவரைச் சொல்ல இல்லை. ஏனென்றால் ஓட்டு வியாபாரம் இல்லையாம். (நம் மாவட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.)

இனி நம் பாடத்துக்கு வருகிறேன். கணக்கு.

வேட்பாளர் தேர்தல் செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறக்கவேண்டும். தினசரிச் செலவுப் பதிவேடு வைக்கவேண்டும். அன்றாடச் செலவு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்புத் தாளில், வங்கிக் கணக்கு மஞ்சள் தாளில். நம் ஜர்னல், கேஷ் புக், பேங்க் புக் மாதிரியேதான். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். 2022 ஜனவரியில் நிர்ணயித்தபடி தமிழ்நாடு மாதிரிப் பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம், நாடாளுமன்ற வேட்பாளருக்கு 95 லட்சம். டீக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு, பிளாஸ்டிக் நாற்காலிக்கு இவ்வளவு என்று மாவட்ட நிர்வாகமே விலைப்பட்டியல் போடுகிறது. வேட்பாளர் எழுதுவதைச் சரிபார்க்க அதிகாரிகள் பக்கத்திலேயே ஒரு நிழல் பதிவேடு எழுதுகிறார்கள். பார்த்தால் எவ்வளவு கட்டுக்கோப்பு!

ஆனால் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. உச்சவரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் தலைவர் பொதுவாக "நம் சின்னத்துக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று பேசினால் அது கட்சியின் பொதுப் பிரச்சாரம். வேட்பாளர் கணக்கில் ஏறாது. தெருமுனையில் நான்கு பேர் குடித்த டீ கணக்கில் ஏறும். தொகுதி முழுவதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்த குரல் ஏறாது. வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

வேட்பாளருக்குத் தெரியாமல், அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரோ அவருக்காகச் செலவு செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச் பிரிவு. தண்டனை என்ன தெரியுமா? 500 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்த பிறகு அது 10,000 ரூபாய் வரை என்று ஆனது. ஆக, எங்கள் ஆயா எழுந்து நின்று "சாமி" என்ற அந்த ஏப்ரலில் அதன் விலை 500 ரூபாய்.

கணக்கு விஷயத்தில் சட்டத்துக்குப் பல்லே இல்லை என்று நினைக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் 2007 தேர்தலில் பத்திரிகையில் செய்தி மாதிரி வெளியான விளம்பரத்துக்குச் செய்த செலவைக் கணக்கில் காட்டவில்லை. தொகை 21 ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான். 2011-இல் தேர்தல் ஆணையம் அவரை மூன்று வருஷம் தகுதி நீக்கம் செய்தது. அந்தச் சின்னத் தொகைக்கு அவ்வளவு பெரிய விளைவு. பணம் எங்கிருந்து எங்கே போனது என்று காகிதத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. சாட்சி இருந்தால் ஆணையத்துக்குக் கை நீளும். எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி தொகுதியிலேயே அதைப் பார்த்தோம். 2019 தேர்தலில் முறைகேட்டுப் புகார் வந்து, மே 19-ஆம் தேதி 8 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. எனக்கு அப்போது 15 வயது. ஓட்டுப் போட்டவர்களே மறுபடியும் வரிசையில் நின்றதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. வாக்குச்சாவடியில் நடந்ததற்குச் சாட்சி உண்டு. போனில் நடந்ததற்கு?

அப்படி ஒரு கேள்வி நீதிமன்றம் வரை போன சம்பவம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. புதுச்சேரி, 2021 சட்டமன்றத் தேர்தல். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்களுக்கு மட்டும் பா.ஜ.க. பிரச்சாரக் குறுஞ்செய்தியும், வாக்குச்சாவடி வாரியான வாட்ஸ்அப் குழுவில் சேர அழைப்பும் வருகின்றன என்று ஜனநாயக வாலிபர் சங்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். எண்களைத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டினார்கள் என்றது கட்சி. எங்களிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். மொத்தக் குறுஞ்செய்திக்கு முன்சான்று வாங்காததற்காகக் கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பதாகத் தேர்தல் ஆணையம் சொன்னது. குற்றச்சாட்டைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு விசாரிக்கவேண்டும் என்று நீதிமன்றம் ஏப்ரல் தொடக்கத்தில் உத்தரவிட்டது. ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்து முடிந்துவிட்டது. நம் தேர்தல் அமலாக்கத்தின் கதை இதுதான். ஓட்டு ஒரே நாளில் விழுந்துவிடும். விசாரணை அதற்கப்புறம் மெதுவாக நடந்து வரும்.

இதெல்லாம் நேற்று வந்த பழக்கமும் இல்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அன்றைய பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்த குரல் லட்சக்கணக்கான போன்களுக்குப் போனது. நான் பிறந்த வருஷம் அது. என் வயசு ஆகிறது இந்தத் தொழிலுக்கு. இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது, அதற்குச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க நேரம் கிடைக்கவில்லை.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். கனடாவில் 2011 மே 2-ஆம் தேதி பொதுத்தேர்தல். அன்று காலை குவெல்ஃப் என்ற ஊரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களுக்குப் பதிவு செய்த குரல் போனது. "உங்கள் வாக்குச்சாவடி மாற்றப்பட்டுவிட்டது" என்று. பொய். நம்பிப் போனவர்கள் அலைந்தார்கள். ஒரு கட்சி ஊழியருக்கு 2014-இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அத்தோடு விடவில்லை. அதே வருஷம் சட்டம் கொண்டுவந்து, தேர்தல் நேரத்தில் வாக்காளர்களைக் கூப்பிடும் நிறுவனங்களும் கட்சிகளும் ஒரு பதிவேட்டில் பதிந்துகொள்ளவேண்டும் என்று வைத்தார்கள். யாருக்காக யார் கூப்பிடுகிறார் என்பது காகிதத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் வேண்டும்.

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதிபர் பைடன் குரலிலேயே, செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்த குரல், ஓட்டுப் போட வராதீர்கள் என்று போன் பண்ணியது. அதைச் செய்யவைத்த அரசியல் ஆலோசகருக்கு அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. (கிரிமினல் வழக்கில் 2025-இல் அவர் விடுதலையானார் என்பதையும் சொல்லவேண்டும்.) நம் ஊரிலும் அதே 2024-இல் மறைந்த கருணாநிதி வீடியோவில் பேசினார், மறைந்த ஜெயலலிதா ஆடியோவில் பேசினார். அவரவர் கட்சிக்காரர்களே வெளிப்படையாகச் செய்ததுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருப்பவர் பேசிய பதிவையே நேரடிப் பேச்சு என்று நம்பி எழுந்து நிற்கிற ஆயாவுக்கு, நாளை பேசாத ஒருவர் குரலில் பேசாத ஒன்றைச் சொன்னால்?

தேர்தல் ஆணையம் இதில் ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் கட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. செயற்கை நுண்ணறிவில் செய்த ஆடியோவாக இருந்தால் முதல் பத்து சதவீத நேரத்துக்குள் அதைச் சொல்லவேண்டும், தயாரித்தது யார் என்ற விவரமும் இருக்கவேண்டும். நல்லது. நான் கேட்பது, இதை ஏன் பதிவு செய்த எல்லாத் தேர்தல் குரலுக்கும் வைக்கக்கூடாது? அறிவுரையாக இல்லாமல் ஏன் சட்டமாகவே வைக்கக்கூடாது?

"மைக் செட் ஆட்டோவை விட இது பரவாயில்லையே" என்றான் என் நண்பன். ஆட்டோவில் கொடி இருக்கும். கண்ணாடியில் அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்தவேண்டும். யார் என்று தெரியும், எப்போது நிறுத்துவான் என்றும் தெரியும். இன்னொருத்தி கேட்டாள்: "காசில்லாத சுயேச்சைக்கு இதுதானே மலிவான வழி? இதைத் தடுத்தால் பணக்காரக் கட்சிக்குத்தானே லாபம்?" இது நியாயமான கேள்வி. அதனால்தான் நான் தடை கேட்கவில்லை. ஓட்டுக் கேட்பது அவர்கள் உரிமை. யார் கேட்கிறார் என்று தெரிந்துகொள்வது என் உரிமை.

என் பட்டியல் சின்னதுதான்.

1. குரலின் முதல் வாக்கியம் "இது பதிவு செய்யப்பட்ட குரல்" என்று இருக்கவேண்டும். அடுத்த வாக்கியத்தில் அனுப்புவது யார், சான்று எண் என்ன என்று வரவேண்டும். நோட்டீஸின் அடியில் இருக்கும் பொடி எழுத்து மாதிரி.

2. விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கி போன்ற சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கியிருக்கிறார்கள். தேர்தல் அழைப்புக்கும் அப்படி ஒரு எண் வரிசை ஒதுக்கட்டும். வேறு எண்ணிலிருந்து வந்தால் அதுவே குற்றம் என்று ஆகிவிடும்.

3. தொல்லை அழைப்புப் பட்டியலில் 'அரசியல்' என்று ஒரு வகை சேர்க்கட்டும். வேண்டும் என்பவர் கேட்கட்டும், வேண்டாம் என்பவரை விடட்டும்.

4. எந்தக் கணக்கிலிருந்து எத்தனை அழைப்பு போனது, யார் பில் கட்டினார் என்ற விவரத்தைத் தொலைபேசி நிறுவனம் செலவுப் பார்வையாளருக்கு நேராக அனுப்பட்டும். ஆடிட்டிங்கில் படித்தோமே, கடன்காரர் பாக்கியை வியாபாரியிடம் கேட்டால் மட்டும் போதாது, கடன்காரருக்கே கடிதம் எழுதி உறுதி செய்யவேண்டும் என்று. அதேதான்.

நாலும் ராக்கெட் விட்ட கதை இல்லை. தொழில்நுட்பம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, பதிவேடுகூட மூன்று கலரில் இருக்கிறது. மனசு மட்டும்தான் இல்லை. சட்டம் இயற்றவேண்டியவர்களும் அந்தக் குரலை அனுப்புகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதால் அந்த மனசு தானாக வரும் என்று நான் நம்பவில்லை.

அதனால் நம்மால் முடிந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தேர்தல் நடத்தை விதிகள், 1961-இல் 88-ஆவது விதி இருக்கிறது. வேட்பாளர் தாக்கல் செய்த செலவுக் கணக்கை யார் வேண்டுமானாலும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் பார்வையிடலாம். கட்டணம் ஒரு ரூபாய். ஆமாம், ஒரு ரூபாய்தான். கல்லூரிப் பையன்கள் நாம், மூன்று வருஷமாக இல்லாத கம்பெனிகளின் இல்லாத கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டுப் போனுக்கு வரும் ஒவ்வொரு குரலையும் தேதி, நேரம், எண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிவு வந்து 30 நாள் போகட்டும். நாலு பேராகப் போய் ஒரு ரூபாய் கட்டி, நம் நோட்டையும் அவர்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். குரலுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவோம். இல்லை என்றால் எழுதிக் கொடுப்போம். இந்த முறை "யார் பண்ணினார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டால் காட்ட நம் கையில் காகிதம் இருக்கும்.

ஆயாவின் நோட்டை நான் எழுதுகிறேன். அவர் பாஸ்புக்கையும் இப்போது மாதாமாதம் நான்தான் பார்க்கிறேன்.

பி.கு: ஆயாவிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். "ரேடியோ மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரேடியோன்னா முன்னாடியே சொல்லணுமில்ல சாமி" என்றார். மேலே நான் எழுதிய நாலு பாயிண்டில் முதல் பாயிண்ட் அவருடையதுதான்.